நீர்க்கட்டிக்கு நிலம்

குத்தம்பாக்கத்து ஏரியில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் துலுக்கானம் யார் வீட்டிலும் கை நனைக்கமாட்டான். சேரியில் கல்யாணம் நடக்கும், போகமாட்டான். சாவு விழும், கரைமேல் நின்று துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டு மதகுக்குத் திரும்பிவிடுவான். யாராவது வெற்றிலை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். அவன் அப்பனும் அப்படித்தான் இருந்தான்.

ஏரித் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துப் பிரித்து விடுகிறவன் நீர்க்கட்டி. அவன் ஒருத்தர் வீட்டுச் சோற்றைத் தின்றால் அந்தச் சோறு அவன் மம்முட்டியைப் பிடித்து இழுக்கும் என்று ஊரில் நினைத்தார்கள். கூலி என்று தனியாக எதுவும் கிடையாது. அறுப்பில் ஒவ்வொரு வயலிலும் அவனுக்கு ஒரு கட்டு கதிர் விடுவார்கள். எல்லா வயலும் விளைந்தால்தான் அவன் வீட்டுப் பானை நிறையும். அதனால் ஒரு வயலுக்கு ஓரவஞ்சனை செய்ய அவனுக்கு வழி இல்லை. நல்ல ஏற்பாடுதான். யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நீர்க்கட்டியாக இருந்திருக்க மாட்டார்கள்.

மதகண்டை அவனுக்கு ஒரு குடிசை உண்டு. கோரையும் பனை ஓலையும் வேய்ந்தது, குனிந்துதான் நுழைய முடியும். கார்த்திகை மழையில் ஏரி ததும்பும்போது அங்கே போய் உட்கார்ந்தால், அறுப்பு முடிந்துதான் சேரிக்குத் திரும்புவான். பகலில் கரைமேல் போகிறவர்கள் அவனோடு இரண்டு வார்த்தை பேசுவார்கள். மூன்றாவது வார்த்தை தண்ணீரைப் பற்றியதாக இருக்கும். அது வருவதற்கு முன்பே அவன் வேறு பக்கம் திரும்பிவிடுவான். நாளடைவில் அந்த இரண்டு வார்த்தையும் நின்றுபோனது.

பெண்டாட்டி வேம்புலி மட்டும் மத்தியானத்தில் களியும் குழம்பும் கொண்டுவருவாள். அன்றைக்கு நத்தைக் குழம்பு.

"சின்னசாமி ஊட்டுல பொண்ணு பாக்க வந்துகிறாங்க. சேரியே கூடிகீது. நீ இங்க நண்டு வளைய பாத்துகினு குந்து."

"தண்ணி கீதுமே."

"தண்ணி எங்க பூடும்? கரைய ஒடச்சிகினு ஓடுமா?"

"ஓடும். ஓட வுடறதுக்கு ஆளுங்க கீறாங்க."

அவள் சிரித்தாள். அவன் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கினான். அவள் இருக்கிற நேரம்தான் அவனுக்குப் பேச்சு. சட்டியைக் கழுவிக்கொண்டு அவள் கிளம்பினால், மறுபடியும் தவளைதான்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. மார்கழியில், திருமழிசையில் பஸ் இறங்கி, வாடகை சைக்கிளைப் பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் ராஜசேகரன் என்று ஒருத்தர் வந்தார். பட்டணத்துக் காலேஜில் எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஏரிக்குக் கீழே அதிக நிலம் வைத்திருந்த கோதண்டம்தான் அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். துலுக்கானம் மதகுக் கம்பில் சுற்றியிருந்த பாசியை வழித்துக்கொண்டிருந்தான். பேச்சு அவன் காதில் விழுந்தது.

"பத்துப் பேர் சேர்ந்து ஒரு காரியம் பண்ற இடத்துல, தலைமையில இருக்கறவர் ஏன் நேர்மையா நடக்கறார், ஏன் நடக்கறதில்லை, அதான் என் ஆராய்ச்சி. ரயில்வே பட்டறை ஒண்ணு பார்த்தேன். கூட்டுறவுச் சங்கம் ஒண்ணு பார்த்தேன்."

"அங்கல்லாம் இன்னா சொன்னாங்க?" என்றார் கோதண்டம்.

"எங்க தலைவர் தெய்வம்னு சொன்னாங்க. வாசக்கதவைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க."

கோதண்டம் வயிறு குலுங்கச் சிரித்தார். ராஜசேகரன் பையிலிருந்து தாளை எடுத்தார். "உங்களையும் சில கேள்வி கேக்கணும். உங்க தலைவர் சொல்றதும் செய்யறதும் ஒண்ணா இருக்கா? ஆமா, இல்லை, சில சமயம். மூணுல ஒண்ணு சொன்னாப் போதும்."

"எந்தத் தலைவரு?"

"இங்க தண்ணி விஷயத்துல யார் சொல்றதை எல்லாரும் கேக்கறீங்க? துலுக்கானம்தானே?"

கோதண்டத்தின் சிரிப்பு நின்றது. "அவன் எனக்குத் தலைவனா? இன்னாய்யா பேசற நீ? அவன் எங்க நீர்க்கட்டிய்யா. வெலகச் சொன்னா வெலகணும் அவன்."

"மதகை மூடணும்னு அவர் சொன்னா?"

கோதண்டம் ஏரியைப் பார்த்தார். "மூடத்தான் வேணும்," என்றார். "இன்னும் கேக்கணும்னா அவனையே கேளு. எனக்கு வேலை கீது." வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

ராஜசேகரன் மதகண்டை வந்தார். "நீங்கதானே துலுக்கானம்?"

துலுக்கானம் திரும்பிப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. "நாந்தான் சாமி."

"உக்காருங்களேன்."

"நிக்கறேன் சாமி. காலு சேறு."

ராஜசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின்மேல் தான் உட்கார்ந்தார். கேள்வி கேட்டார். எத்தனை வருஷமாக இந்த வேலை, யார் நியமித்தது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது. துலுக்கானம் தெரிந்ததைச் சொன்னான். அவ்வளவு நேரம் ஒருத்தர் தண்ணீர் கேட்காமல் அவனோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"ஊர்ல விசாரிச்சேன். உங்களை மிரட்டியிருக்காங்க. ஆசை காட்டியிருக்காங்க. ஒரு தடவை அடிச்சும் இருக்காங்க. நீங்க மசியலைன்னு அடிச்சவரே சொல்றார். ஏன்? நீங்க இவ்வளவு நியாயமா இருக்கறதுக்கு என்ன காரணம்?"

இதை யாரும் அவனைக் கேட்டதில்லை. கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது? கால் பெருவிரலால் மம்முட்டியின் சேற்றை வழித்தபடி யோசித்தான்.

"எனக்கு நெலம் இல்லையே சாமி," என்றான்.

ராஜசேகரனின் பேனா நின்றது. "கொஞ்சம்கூட இல்லையா?"

"ஒரு குழிகூட இல்ல சாமி. எங்கப்பனுக்கும் இல்ல. அவங்கப்பனுக்கும் இல்ல." அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

ராஜசேகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "நான் பார்க்கறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். எதைப் பார்க்கப்போகிறார் என்று துலுக்கானத்துக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டான்.

ஆடியில் கர்ணம் சங்கிலி ஆட்களோடு வந்தார். ஏரிக்குக் கீழே, கால்வாய் முடிகிற கடைக்கால் ஓரத்தில் கோரை மண்டிக் கிடந்த புறம்போக்கை அளந்து நாலு மூலையிலும் கல் நட்டார்கள். சர்க்கார் எழுதிக் கொடுக்கிற தர்காஸ்து நிலம், துலுக்கானம் பேரில். பட்டணத்திலிருந்து யாரோ பெரிய இடத்தில் சொல்லி, பெரிய இடத்திலிருந்து பூந்தமல்லிக் கச்சேரிக்கு உத்தரவு வந்திருக்கிறது என்றார் கர்ணம். "அதிஷ்டம்டா ஒனக்கு," என்று கட்டைவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்தினார்.

வேம்புலி அந்தக் கோரைக்கு நடுவில் போய் நின்றாள். பாம்பு இருக்கும் என்று யாரோ கத்தினார்கள். அவள் வரவில்லை. இருட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அடுப்பை மூட்டினாள். துலுக்கானம் சுவரோரம் குந்தியிருந்தான்.

"இன்னாய்யா, எழவு ஊடு மாதிரி குந்திகினு கீற?"

"நான் கேக்கலமே அத்த."

"கேக்காம வந்தா கசக்குதா?"

"ஏரிக்குக் கீழ நெலம் வெச்சிகினு தண்ணி பிரிக்க முடியாதுமே. எங்கப்பன் சொல்லிகிறான்."

"ஒங்கப்பன் இன்னாதான் சொல்லல?"

"நாளைக்கே கோதண்டம் ஆண்டே வருவாரு. மம்முட்டிய வெச்சிட்டுப் போடாம்பாரு. அப்பறம் நான் இன்னாத்துக்கு ஆவேன்?"

வேம்புலி அடுப்பிலிருந்து திரும்பினாள். "யோவ், ஒண்ணு கேக்கறேன். ஒன்ன நாயஸ்தன் நாயஸ்தன்றாங்களே, அதுக்கு அவங்க இன்னா வழி கண்டுபுடிச்சாங்க? ஒனக்கு மண்ணே இல்லாம பண்ணாங்க. நெலத்துக்காரன் நாயம் அவன்கிட்ட கீது, நெலமும் அவன்கிட்ட கீது. ஒனக்கு நாயம் மட்டும். அத்த எந்தப் பானைல போட்டு ஆக்கறது?"

"ஊரு நம்புதுமே என்ன."

"ஊரு ஒன்ன நம்புது. ஒரு நாளு ஒன்னக் கூப்ட்டுப் பேசிச்சா? நான் வயசுக்கு வந்த நாள்லருந்து யாரு ஊட்டு வயல்லயோ குனிஞ்சிகினு கீறேன். ஒரு வாட்டி என் மண்ணு மேல குனியணும். அவ்ளோதான். நீ நாயத்த வெச்சிக்கோ, நெலத்த எனக்குக் குடு."

"என் பேர்லதான கீது."

"அதாங்காட்டி கேக்கறேன். இல்லன்னா கேப்பனா?"

அவள் களி கிண்டினாள். துடுப்பு பானையில் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் கோதண்டம் வந்தார். கூட நாலைந்து நிலத்துக்காரர்கள் வந்தார்கள். யாரும் கோபமாக இல்லை. அதுதான் துலுக்கானத்துக்கு உறைத்தது.

"இன்னாடா, நீயும் மிராசு ஆயிட்ட?"

"நான் கேக்கல ஆண்டே."

"யாரு கேட்டா இன்னா. நெலம்னு ஒண்ணு வந்துட்டா கையி பேசாதுடா, நெலம்தான் பேசும். எனக்குத் தெரியாதா? நான் இன்னா நாயமா பொறந்தவனா?" எல்லாரும் சிரித்தார்கள். "ஒண்ணு நெலம், இல்ல மதகு. ஐப்பசில கூடுவோம். அதுக்குள்ள சொல்லிடு."

"கடைசில என் வயலுக்கு வுட்டுக்கறேன் ஆண்டே. எல்லாருக்கும் வுட்டப்பறம்."

"அப்ப ஒன் பயிரு காயறப்ப எங்களத் திட்டிகினே மதகத் தெறப்ப. வாணாம்டா."

அவர்கள் கரையை விட்டு இறங்கிப் போகிறபோது அவரவர் வயலை அவரவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

புரட்டாசியில் ஒரு நாள் துலுக்கானம் பூந்தமல்லிக்குக் கிளம்பினான். நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். வேம்புலியிடம் சொன்னான். அவள் தடுக்கவில்லை, திட்டவுமில்லை. மம்முட்டியை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்பாகவே வெளியே போய்விட்டாள்.

அவன் கரைமேல் நடந்தான். மேகம் கவிந்து புழுங்கியது. கீழே அவள் கோரைக்கு நடுவில் வெட்டிக்கொண்டிருந்தாள். கோரைக் கிழங்கு லேசில் வராது. அவள் மம்முட்டியைப் பிடித்த விதம் தப்பு. அப்படிப் பிடித்தால் மேல் தழைதான் அறுபடும், கிழங்கு மண்ணுக்குள்ளே இருந்து சிரிக்கும். நின்று பார்த்தான். அவள் மறுபடியும் அதே மாதிரி வெட்டினாள். கையில் துணி சுற்றியிருந்தாள், துணி சிவந்திருந்தது.

பாசத்தில் இறங்கினான் என்று சொல்லலாம். அப்படி இல்லை. மம்முட்டியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லத்தான் இறங்கினான். சொன்னான். அவள் கேட்கவில்லை. பிடுங்கி வெட்டிக் காட்டினான். ஒரு கிழங்கு வந்தது, அடுத்தது வந்தது. பொழுது இறங்கும்போது ஒரு மூலை சுத்தமாகியிருந்தது. பூந்தமல்லிக்கு அவன் அப்புறம் போகவே இல்லை.

ஐப்பசியில் மதகண்டை கூடினார்கள். "நெலம் இல்லாதவன் யாரு?" என்று கோதண்டம் கேட்டார். சேரி ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். யாருக்குத்தான் இருந்தது? கடைசியில் வேம்புலியின் தம்பி முனியனைப் பிடித்தார்கள். கள்ளுக்கடையில் கிடக்கிறவன், பெண்டாட்டியும் ஓடிப்போய்விட்டாள். "தண்ணி இருக்கற வரைக்கும் தண்ணி போடக்கூடாதுடா," என்று யாரோ சொன்னதற்கு அவனே எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. வேம்புலி சட்டியை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

துலுக்கானத்துக்கு இப்போது கட்டுப்பாடு எதுவும் இல்லை. எங்கும் போகலாம், யார் வீட்டிலும் சாப்பிடலாம். கார்த்திகையில் சின்னசாமி மகளுக்குக் கல்யாணம். குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனான். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.

"வா அண்ணாத்தே. நெலத்துக்காரரு வந்துட்டாரு, எடம் வுடுங்கடா."

கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. அவன் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. அத்தனை வருஷமாக அவன் வந்தால் நிறுத்திப் பழகிய பேச்சு. மழையைப் பற்றி ஒருத்தன் சொன்னான். ஆமாம் என்றான் இவன். அப்புறம் யாருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. ஓரமாக ஒரு இலை போட்டார்கள். சோறு நன்றாக இருந்தது. ஊர்ப் பக்கம் நிலத்துக்காரர்கள் கூடிப் பேசுகிற இடத்துக்கு அவன் போக முடியாது என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். சேரியிலும் இப்படி இருக்கும் என்பதைத்தான் அவன் நினைக்கவில்லை. நீர்க்கட்டியாக இருப்பதால்தான் தனியாக இருக்கிறோம் என்று அதுவரை நம்பியிருந்தான்.

தை பிறந்ததும் ராஜசேகரன் வந்தார். இந்தத் தடவை சைக்கிள் இல்லை, குதிரை வண்டி. மைசூர்பாகுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். நேரே வயலுக்கே வந்து வரப்பில் நின்றார். பயிர் முழங்கால் உயரம் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கு துலுக்கானம். ரொம்ப நல்லா இருக்கு. என் கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க. உங்களைப் பத்தி ஒரு அத்தியாயம். பரம்பரையா ஊறின நேர்மைன்னு எழுதியிருக்கேன். புரொபசர் அதைத்தான் ரெண்டு தடவை படிச்சாராம்."

"சந்தோசம் சாமி."

"மதகுக்குப் போகலையா இப்ப?"

"நீக்கிட்டாங்க சாமி."

"நீக்கிட்டாங்களா? யார்? ஏன்?"

"நெலம் கீதே சாமி."

ராஜசேகரனுக்குப் புரியவில்லை. துலுக்கானம் கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் ஏறினான். பொறுமையாகச் சொன்னான். நிலம் இல்லாதவனைத்தான் வைப்பார்கள், அப்போதுதான் அவன் யார் பக்கமும் சாயமாட்டான் என்று.

"அன்னைக்கு நீங்க நிலம் இல்லைன்னு…"

"இன்னா காரணம்னு கேட்ட சாமி. காரணத்தச் சொன்னேன்."

"நீங்க கேட்டதா நினைச்சேன்."

"நான் ஒண்ணும் கேக்கல சாமி."

ராஜசேகரன் பொட்டலத்தை வரப்பில் வைத்தார். எறும்பு வரும் என்று மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார். "அப்படின்னா நீங்க நேர்மையா இருந்தது…"

"வேற மாதிரி இருக்க வழி இல்ல சாமி அப்ப. நாயஸ்தனா இல்லையான்னு இனிமேத்தான் தெரியணும்."

வேம்புலி களையெடுத்துக்கொண்டே தலை நிமிர்த்தாமல் சொன்னாள். "சாமி, இன்னொரு ஆளுக்கு இந்த மாதிரி எழுதிப் போடறதுன்னா, கால்வாய்க்கு மேல்பக்கமா பாத்துக் கேளுங்க. இது கடைக்காலு. தண்ணி வந்து சேர்ரதுக்குள்ள உயிரு பூடுது."

ராஜசேகரன் சிரிக்க முயன்றார், வரவில்லை. கட்டுரையைத் திருத்தவேண்டும் என்று முணுமுணுத்தார். அச்சுக்குப் போய்விட்டது என்றும் முணுமுணுத்தார். வண்டியில் ஏறும்போது பொட்டலம் அவர் கையிலேயே இருந்தது. பாதி வழி போனபிறகு நினைவு வந்து வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பினார்.

மாசியில் ஏரி நடுவில் மண்திட்டு தெரிந்தது. கொக்கு இறங்கி நடந்தது. பயிர் பால் பிடிக்கிற நேரம், ஒரு தண்ணீர் தவறினால் பதராகிவிடும். கரைமேல் பகல் முழுக்க ஆள் நின்றார்கள். கோதண்டம்கூட குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முனியன் யாரிடமும் பேசவில்லை. மெலிந்திருந்தான். மம்முட்டியோடு வரப்புக்கு வரப்பு போனான், மடையைத் திறந்தான், மூடினான். ஒரு வயலைத் தாண்டினதும் பின்னாலிருந்து திட்டு விழும். அவன் திரும்பவே இல்லை.

கடைக்கால் முறை வந்தது. முதலில் துலுக்கானத்தின் வயல், அதையடுத்து கடைசியாகக் கன்னியம்மாளின் வயல். அவள் புருஷன் இல்லாதவள், மிளகாய்த் தோட்டம் அளவுக்குத்தான் நிலம். தன் வரப்பில் குந்திக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டுக் காத்திருந்தாள்.

முனியன் துலுக்கானத்தின் மடையைத் திறந்தான். தண்ணீர் நுரையோடு வந்தது. வெடித்த மண் சப்தம் போட்டுக் குடித்தது. துலுக்கானம் பயிருக்குள் நடந்து மேட்டுப் பக்கம் கையால் சேற்றை இழுத்துவிட்டான். மேட்டில் ஈரம் ஏறுவதற்கு முன்பே முனியன் மூட வந்துவிட்டான்.

"மேட்டுக்கு ஏறலடா."

முனியன் மண்ணை அள்ளினான்.

"மச்சான், மேட்டுக்கு ஏறல. கொஞ்சம் வுடு."

"மொற ஆயிடுச்சு மாமா."

"ஆவல. எனக்குத் தெரியாதா மொற? நான் வுட்ட தண்ணிடா அது. நீ பொறக்கறதுக்கு மின்னாடிலருந்து." துலுக்கானம் மம்முட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டான். அது முன்பு அவன் கையில் இருந்த மம்முட்டிதான், பிடி அவன் விரலுக்குத் தேய்ந்திருந்தது.

"கைய எடு மாமா."

"இன்னும் கொஞ்சம்டா. யாருக்குத் தெரியப்போவுது?"

முனியன் அவனை முறைக்கவில்லை. கரையில் நிற்கிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பார்த்துவிட்டு, அக்கா பக்கமும் பார்க்காமல், பிடியை இழுத்தான். துலுக்கானம் விடவில்லை. அந்தப் பக்கம் கன்னியம்மாள் எழுந்து நின்றாள். எழுந்து நின்றாள், அவ்வளவுதான்.

துலுக்கானத்தின் விரல்கள் தளர்ந்தன. நியாயத்துக்காகத் தளர்ந்ததா, அவள் பார்த்ததாலா, சேற்றில் வழுக்கியதா என்று அவனுக்கே தெரியவில்லை. முனியன் இரண்டு வெட்டு மண்ணைப் போட்டுக் காலால் மிதித்து மடையை அடைத்தான். வரப்பில் நடந்து போய்க் கன்னியம்மாளின் மடையைத் திறந்தான்.

தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷம் கேட்ட சத்தம். அப்போதெல்லாம் அது யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. இப்போது அவனை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வயல் நிறைய நிறைய, அவன் வயிறு எரிந்தது. கன்னியம்மாள்மேல் எரிந்தது. அவள் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

வேம்புலி மேட்டுப் பக்கம் குனிந்து, பயிருக்கு நடுவில் கையை விட்டு ஈரம் பார்த்தாள்.

"பத்தாதுய்யா," என்றாள்.

அவன் அடைத்த மடையையே பார்த்துக்கொண்டிருந்தான். மண் ஒரு பக்கம் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது.